கயிறு பார்த்தல்

நாலு மணிக்கே இருட்டிவிட்டது டவி ஆற்றங்கரையில்.
கொட்டகையில் ஒற்றை விளக்கு.
வைசில் கடிபட்டு நிற்கிறது ரம்பம்.
ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு.
அரம் முன்னே போகும்போது மட்டும் அழுத்தம்,
திரும்பும்போது தூக்கிவிட வேண்டும்.
தொடங்கிய பல்லில் சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு,
இல்லையென்றால் சுற்றிச் சுற்றி விடிந்துவிடும்.

இன்று வேலிக்கம்பியை மென்றிருக்கிறது இது.
எவனோ எந்தக் காலத்திலோ அடித்து மறந்த கம்பி,
மரம் அதை விழுங்கிப் பட்டையால் வாயை மூடிக்கொண்டது.
"என் தப்பில்லை" என்றான் எமிர்.
தப்பென்று யார் சொன்னது,
பல்லைப் பார்த்தால் தெரிகிறது என்றேன்.

இந்தக் குளிர்காலம் முழுக்க ஆஷ் மரங்கள்தான்.
ஓக் முறியுமுன் முனகும்.
நோய் கண்ட ஆஷ் முனகாது, வளையாது,
டீயில் நனைந்த பிஸ்கட்.
பக்கத்து மரத்தில் கயிற்றைப் போட்டுத் தொங்கி
அங்கிருந்து எட்டி வெட்டுகிறான் எமிர்,
கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின்
தோளில் கை வைப்பவனைப் போல.

நான் கீழே.
பதினெட்டு வருடம் மேலே இருந்தவள்.
இப்போது கிளை இழுக்கிறேன், அடுக்குகிறேன்,
நொறுக்கும் எந்திரத்துக்கு ஊட்டுகிறேன்.
அண்ணாந்து அண்ணாந்து
பிடரியில் ஒரு நிரந்தர ஆணி.

கார்மார்தன் டாக்டர் என் கண்ணைக் கட்டி
மேசையில் சில்லறையைப் பரப்பினார்.
பத்து பென்ஸ் எது, சட்டைப் பொத்தான் எது?
நான் எடுத்துக் கொடுத்தது அவருடைய பேனா மூடி.
அணைத்த பிறகும் விரல் நுனியில் ஓடுகிற ரம்பம்.
குளிர் பட்டால் மூன்று விரல்
மெழுகுவத்தி நிறம்.
ரத்தம் திரும்பி வரும் அந்தப் பத்து நிமிடம்
கெட்ட வார்த்தை தவிர வேறு மொழி கிடையாது எனக்கு.
அதிரும் கருவி எதையும் தொடக் கூடாது என்று
எழுதிக் கொடுத்தார்.
அரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கயிறு கடைசி.
நாற்பத்தைந்து மீட்டர், ஆரஞ்சில் நீலப் புள்ளி.
ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு
விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.
என் விரல்களுக்குக் கயிறும் ஒன்று, காற்றும் ஒன்று.
ஆகவே உதட்டால் பார்க்கிறேன்.
"மவுத் ஆர்கனா?" என்று சிரித்தான் முதல் நாள்.
பிசின், பாசி, டீசல், அவன் வியர்வை உப்பு.
பாதி வாளி நிறைந்திருக்கும்.
மேலுதட்டில் ஏதோ உரசியது,
பூனை மீசைபோல் விறைப்பாய்.

விளக்கடியில் பார்த்தேன். மேலுறையில் மூன்று இழை.
தேய்ந்ததல்ல, வெட்டு.
நான் தீட்டிய பல்லின் சுத்தமான வேலை.

"எப்போது?"
கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.
"செவ்வாய்."
இன்று வெள்ளி.
இடையில் பதினொரு மரம்.
"உறைதானே, உள்ளே ஒன்றுமில்லை,
வேன் தவணை வேறு..."

பழைய கதை எதுவும் நான் சொல்லவில்லை.
முழங்காலுக்குக் கீழே இருபத்தேழு தையல்,
கோடையில் அரைக்கால் சட்டையில் அவன் பார்த்ததுதான்.
கைக்கோடாரியை எடுத்தேன்.
கட்டையில் வைத்து, அந்த இடத்தில் ஒரு போடு.
பிறகு மற்ற இடங்களிலும்,
எவரும் முடிச்சுப் போட்டு நம்பிவிடாத நீளங்களாக.

அறை வாங்கியவன்போல் நின்றான்.
கொஞ்ச நேரம் கழித்து, குனிந்து பொறுக்கினான்.
ஒன்று நாய்க்கு, ஒன்று கேட்டுக்கு,
ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தான்.

திங்கள் வர முடியாதென்று
திருமதி பெவனுக்குப் போன் செய்தேன்.
"ஐயோ, யாருக்காவது அடியா?"
இல்லை.
"பிறகென்ன?" என்றாள்,
நிஜமாகவே புரியாமல்.
உதட்டில் இன்னும் டீசல்.